தோட்டா பாயாது

தோட்டா: வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் கேப்பு, முனையில் குண்டு, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும் ஓடு, எல்லாம் அடங்கிய முழுப் பொருள்.
குண்டு: அதிலிருந்து பறந்து போகும் பாகம் மட்டும்.

விளக்கம் இவ்வளவுதான். இதற்கு மேல் எழுத வேண்டியிருப்பது நம் கொலைப் படங்களால். கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ ஒரு பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, வளவில் (உள்முற்றத்தில்) பிணத்தைக் கிடத்தி, பட்டாலைத் தூணோரம் இன்ஸ்பெக்டரை நிறுத்தினால் அடுத்த வசனம் தயாராக இருக்கிறது: “நெஞ்சுல மூணு தோட்டா பாஞ்சிருக்கு சார்.” பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் வசனவரி (சப்டைட்டில்) எழுதுபவர்களும் இதையே எழுதுகிறார்கள். செய்தித்தாள்களும் அப்படியே.

தோட்டா பாயாது. 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா ஒன்று ஏறக்குறைய 30 மி.மீ. நீளம், 12 கிராம் எடை. அதில் பறப்பது சுமார் 8 கிராம் குண்டு, செம்புத் தகடு போர்த்திய ஈயம். மருந்து எரிந்து போகிறது. மிச்சமிருக்கும் பித்தளை ஓடு நெஞ்சுக்குப் போவதில்லை. பிஸ்டல் என்றால் பெரும்பாலும் சுட்டவனின் வலப்பக்கம் தெறித்து விழும். ரிவால்வர் என்றால் உருளையிலேயே தங்கிவிடும், அவனாகத் திறந்து கொட்டும்வரை.

வேர் பற்றிச் சுருக்கமாக. தோட்டா உருதுவின் டோட்டா. குண்டு நம்முடையது, உருண்டையான எதற்கும் அதுதான் பெயர். ரவை என்றால் சிறு மணி. அதனால்தான் ஆச்சியின் அடுப்படியில் அது உப்புமாவுக்கு, நகைப்பெட்டியில் அது சின்ன வைரம், துப்பாக்கியில் அது சிறு குண்டு. மூன்றும் ஒரே சொல்தான்.

கல்குவாரியிலும் கிணறு வெட்டும் இடத்திலும் தோட்டா என்ற சொல் சரியாகவே வழங்குகிறது. பாறையில் துளை போட்டுத் தோட்டா வைப்பார்கள். வெடித்தபின் “கல்லு பறந்துச்சு” என்பார்களே தவிர, தோட்டா பறந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மருந்தை அடைத்த பொதி அது என்பது வேலை செய்கிறவர்களுக்குத் தெரிகிறது. வசனம் எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்க்கலாம். அது 12 போர்; போர் என்பது குழல் துளையின் அளவு. துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டை ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடை இருக்கும் என்பது அந்த எண்ணின் பொருள்; துளை சுமார் 18.5 மி.மீ. அதில் போடும் ஒரு தோட்டாவுக்குள் சிறிய பறவை ரவை என்றால் 200-க்கு மேல்கூட இருக்கும். எஸ்.ஜி., எல்.ஜி. போன்ற பெரிய ரவை என்றால் எண்ணிவிடலாம். பாய்வது தோட்டா என்றால், ஒரே ஒரு முறை சுட்ட காவலர் 200 தோட்டா சுட்டார் என்றாகும்.

துப்பறியும் கதையில் இந்தக் குழப்பம் கதையையே கெடுக்கிறது. உடலில் எடுத்த குண்டில் இருப்பது குழலின் உட்புறப் புரி கீறிய வரிகள். தரையில் கிடைத்த ஓட்டின் அடியில் இருப்பது அடிமுள் (விசையை இழுத்ததும் கேப்பைக் குத்தும் ஊசி) குத்திய பள்ளமும், தோட்டாவின் அடியைத் தாங்கும் பின்தகடு பதித்த தடமும். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட மாட்டார்கள். பிடிபட்ட துப்பாக்கியால் ஆய்வகத்தில் சுட்டு, அந்தக் குண்டோடு இந்தக் குண்டையும், அந்த ஓட்டோடு இந்த ஓட்டையும் நுண்ணோக்கியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். வசனவரியில் “உடலில் கிடைத்த தோட்டாவும் தரையில் கிடைத்த தோட்டாவும்” என்று வந்தால் பார்ப்பவர் என்ன புரிந்துகொள்வார்? ஒன்று உடலில் பட்டது, இன்னொன்று குறி தவறியது என்றுதான். தரையில் ஓடு கிடந்தது என்றால் பிஸ்டலாக இருக்க வேண்டும், இல்லையேல் கொலைகாரன் நின்று நிதானமாக ரிவால்வரைக் காலி செய்திருக்க வேண்டும். கதாசிரியர் வைத்த இந்தத் துப்பு மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகிறது.

இதைச் சரிசெய்கிறேன் என்று வந்த சொல்தான் ‘வெற்றுத் தோட்டா’. தோட்டாவைக் குண்டு என்று நினைப்பதைவிட மோசமான சொல் இது. காரணம், மூன்று வெவ்வேறு பொருளுக்கு இதை ஒட்டுகிறார்கள்.

முதலாவது, சுட்டு முடித்த ஓடு. மருந்தும் குண்டும் போய்விட்டது, கேப்பில் பள்ளம் விழுந்திருக்கும். இரண்டாவது, படப்பிடிப்பில் ‘பிளாங்க்’ என்பது. மருந்தும் கேப்பும் உண்டு, குண்டு கிடையாது, ஓட்டின் வாயை மடித்து நெரித்திருப்பார்கள். சத்தமும் தீயும் வரும், மிக அருகில் சுட்டால் ஆளையும் கொல்லும். மூன்றாவது ‘டம்மி’. குண்டு தெரியும், மருந்து கிடையாது, ரிவால்வரை நேருக்கு நேர் காட்டும் குளோசப்புக்காக வைப்பது.

இவற்றை ஒரே பெயரால் அழைத்தால் எவ்வளவு குழப்பம் என்பதற்குப் படவுலகிலேயே உதாரணம் இருக்கிறது. 1993-இல் அமெரிக்காவில் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பில் இறந்தார். நிஜத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தைக் கொட்டிவிட்டு டம்மி செய்திருந்தார்கள், கேப்பை எடுக்கவில்லை. யாரோ விசையை இழுக்க, கேப்பின் சிறு வேகத்தில் குண்டு ஓட்டைவிட்டு நகர்ந்து குழலுக்குள் சிக்கிக்கொண்டது. குழலை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பின்னொரு காட்சியில் அதே ரிவால்வரில் பிளாங்க் போட்டுச் சுட்டார்கள். பிளாங்கின் மருந்து சிக்கியிருந்த குண்டைத் தள்ளியது. இந்தச் செய்தியைத் தமிழில் “வெற்றுத் தோட்டா சிக்கியிருந்த துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டதில்” என்று எழுதினால் யாருக்காவது விளங்குமா?

சொல் பஞ்சமும் இல்லை. பிளாங்கிற்கு நம்மிடம் இருப்பது வெத்துவேட்டு. வாய்ச்சவடால்காரனைத் திட்டப் பயன்படுத்தித் தேய்த்துவிட்டோம், ஆனால் அதன் நேர்ப்பொருள் குண்டில்லாத வெடிதான். திட்டுவது போல இருக்கிறது என்று கூசுபவர்கள் வேட்டுத் தோட்டா என்று எழுதட்டும். கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு கேட்டவர்களுக்கு வேட்டு என்றால் சத்தம் மட்டும் என்பது தெரியும். டம்மிக்குப் போலித் தோட்டா போதும்.

சுட்டு முடித்ததற்கு ஓடு. ‘உறை’ என்று சிலர் எழுதுகிறார்கள். துப்பாக்கியை இடுப்பில் செருகும் தோல்பையும் உறைதான், ஒரே காட்சியில் இரண்டும் வரும். ‘கூடு’ என்பதும் ஆகாது. ஈழத்தமிழில், தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் மாட்டும் மேகசினுக்கு ரவைக்கூடு என்ற அருமையான சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. கூடு என்றால் மறுபடி நிரப்பலாம்; உள்ளிருப்பது போனபின் எஞ்சுவது ஓடு, முட்டைக்கு எப்படியோ அப்படி. அந்த ரவைக்கூட்டை எடுத்துக்கொள்ளாமல், ‘புதிய இதழை மாட்டினான்’ என்று வசனவரி எழுதுகிறார்கள். கொலைக்கு நடுவில் அவன் வாரப் பத்திரிகை படிக்கிறானா? ‘ரவுண்ட்’ என்பதை அப்படியே பெயர்த்து ‘இன்னும் ஆறு சுற்றுகள் உள்ளன’ என்பதும் இதே ரகம். ஆறு தோட்டா இருக்கிறது என்றால் முடிந்தது.

தனித்தமிழ் அன்பர்கள் தோட்டாவே வேண்டாம், உருது என்பார்கள். அப்படியானால் துப்பாக்கியிலிருந்து தொடங்க வேண்டும். அது துருக்கியரின் டுஃபெக், கைமாறிக் கைமாறி இங்கே வந்தது. ‘துப்பாய துப்பாக்கி’ என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று கிளம்ப வேண்டாம். அது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி. மழையைப் பற்றிய குறள். சுடுகலன் என்று ஈழத்தில் ஆக்கியது நல்ல சொல், எல்லா வகைக்கும் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம். தோட்டா குவாரி வரை இறங்கிய சொல், அதைப் பிடுங்குவதில் லாபமில்லை.

குண்டு என்ற சொல்லிலும் ஓர் இடறல் உண்டு. ‘21 குண்டுகள் முழங்க அரசு மரியாதை’ என்கிறோம். அங்கே ஒரு குண்டுகூட இல்லை, அத்தனையும் வெத்துவேட்டு. மரியாதை நிகழ்ச்சியில் அந்தச் சொல்லைப் போட முடியாது என்பது நியாயம்தான். ‘21 முறை வேட்டு முழங்க’ என்று எழுதலாம்.

கடைசியாக நாட்டுத் துப்பாக்கி. கண்மாய்க் கரையில் முயல் வேட்டைக்குப் போனவர் பிடிபட்டால் ‘நாட்டுத் துப்பாக்கியில் தோட்டா நிரப்பி’ என்று செய்தி வருகிறது. அதில் தோட்டாவுக்கு இடமே கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்து, அதன்மேல் நார் அடைப்பு, பிறகு பால்ரஸ் எனும் சிறு இரும்புக் குண்டுகள், மறுபடி அடைப்பு, எல்லாவற்றையும் கம்பியால் இடித்து இறுக்குவார்கள்; கேப்பு தனியாகப் பின்னால் உட்காரும். அடைப்பு சரியாக இறங்காமல் நடுவே இடைவெளி விட்டால் குழல் வெடித்துச் சுட்டவர் கையையே எடுத்துவிடும். அப்படிப்பட்ட ஆளைச் சோதனை போடும் காட்சி எழுதும்போது, மடியிலிருந்து தோட்டா விழ வேண்டியதில்லை. கருமருந்து டப்பாவும் கேப்பு டப்பாவும் ஒரு பிடி பால்ரஸும் விழுந்தால் போதும்.