பெட்டிக்குள் மூன்று லிட்டர் தண்ணீர்

பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்த அவரை மாட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் பிக்கப் வண்டியில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்டோபர் கடைசி, மதியம் மூன்று மணி, வெளியே 40 டிகிரி. அவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே டீ-ஷர்ட் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மார்பிலும் முதுகிலும் உப்பு வெள்ளைக் கோடு கோடாகப் பூத்திருந்தது. "எனக்கு வியர்க்கவே இல்லையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பைக்கின் பக்கப்பெட்டியையும் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். அதற்குள் ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் இரண்டு, மூடிகூடத் திருகாமல் கிடந்தன. தொட்டால் டீ போடலாம் போலச் சூடு.

ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பகுதியில், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். (ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) கண்டத்தை வடக்குத் தெற்காக வெட்டிப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. டார்வினிலிருந்து போர்ட் அகஸ்டா வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல். அதைத் தனியாக பைக்கில் கடக்க வேண்டும் என்பது பலருக்குப் பல வருடக் கனவு. இப்போது நம் ஆட்களும் கிளம்புகிறார்கள். மெல்பர்னிலும் சிட்னியிலும் இருக்கும் நண்பர்கள் சிலர் போன் செய்து, எந்த டயர் போடலாம், டேங்க் எத்தனை லிட்டர் இருந்தால் நல்லது என்று கேட்பார்கள். தண்ணீரை எங்கே வைத்துக்கொள்வது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

வியர்க்கவில்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. வியர்வை தெரியவில்லை, அவ்வளவுதான். இங்கே காற்றில் ஈரமே கிடையாது. அதில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகமும் சேர்ந்தால், தோலுக்கு வரும் வியர்வை வந்த கணத்திலேயே ஆவியாகிவிடும். சென்னையில் வெயிலில் நின்றால் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் குடி என்று உடம்பே ஞாபகப்படுத்தும். பாலைவனத்தில் அந்த ஞாபகப்படுத்தல் இல்லை. அடுத்த விஷயம் காற்று. நம் தோலின் வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், வீசுகிற காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூட்டை உள்ளே கொண்டுவந்து கொட்டும். 42 டிகிரியில் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டுவது ஹேர் டிரையரை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொள்வது மாதிரி. செய்ய வேண்டியது நேர்மாறானது: உள்ளே போட்டிருக்கும் பருத்தி டீ-ஷர்ட்டைத் தண்ணீரில் நனைத்து, மேலே ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பை ஏறக்குறைய முழுக்க மூடிவிடுங்கள். ஈரம் மெதுவாகக் காயும், அதுவரை உடம்பு குளிர்ச்சியாக இருக்கும். காய்ந்ததும் நிறுத்தி மறுபடி நனையுங்கள். நானும் இங்கே வந்த புதிதில் இதை நம்பவில்லை.

அப்புறம், குடிக்கிற தண்ணீர். பெட்டியைத் திறக்க பைக்கை நிறுத்தி, கிளவுஸைக் கழற்றி, மேலே கட்டியிருக்கும் கூடாரப் பையை அவிழ்க்க வேண்டும் என்றால் யாரும் குடிக்க மாட்டார்கள். "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்று போய்க்கொண்டே இருப்பார்கள். குழாய் வைத்த தண்ணீர்ப் பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டால் ஓட்டிக்கொண்டே உறிஞ்சலாம். ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. உப்பும் வியர்வையில் போகிறது. ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம். பார்க்க நீர்ச்சத்துக் குறைவு போலவே இருப்பதால் ஆள் இன்னும் தண்ணீர் குடித்து இன்னும் கெடுத்துக்கொள்வார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து கையில் இருக்கட்டும், நொறுக்க ஏதாவது உப்பானதாக இருக்கட்டும். நிறுத்தும் இடத்தில் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். காலையிலிருந்து போகவே இல்லை என்றால் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. எனக்கு அதிகக் கவலை தலையைப் பற்றி. பண்ணைக்காரர்கள் கொண்டுவந்தாரே, அவர் கையில் அன்றைய திட்டத்தை எழுதிய தாள் இருந்தது. ஒரு ரோட்ஹவுஸில் (நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் இடம்) நிறுத்திப் பெட்ரோல் போட்டு, ஒரு மணி நேரம் நிழலில் உட்காருவது என்று எழுதியிருந்தார். அதைத் தாண்டிப் போயிருக்கிறார். கேட்டால், "அங்கே ஏற்கெனவே நிறுத்திவிட்டுத்தான் கிளம்பினேன் என்று நினைத்தேன்" என்றார். பண்ணைக்காரர்கள் பார்த்தபோது இருபது அடி தள்ளி ஒரு மரம் நிழல் தந்துகொண்டிருக்க, அவர் பைக்கின் வெயில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாராம். வெப்பம் முதலில் பறிப்பது கணக்கையும் முடிவெடுக்கும் புத்தியையும்தான், கை கால் தளர்வதெல்லாம் அதற்குப் பிறகு. இருவர் போனால் ஒருவர் மற்றவரின் முகத்தைப் பார்த்து "உனக்கு என்ன ஆச்சு, நிறுத்து" என்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. தன் புத்தி தடுமாறுவதைக் கண்டுபிடிக்கவும் அந்தத் தடுமாறும் புத்தியைத்தான் நம்பியிருக்கிறார்.

இதைச் சொன்னால், 1950 டிசம்பரில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் தனியாக சிட்னியிலிருந்து பெர்த் போய்த் திரும்பிய வினிஃப்ரெட் வெல்ஸை எனக்கு உதாரணம் காட்டுவார்கள். 22 வயது, இங்கே டிசம்பர் நல்ல கோடைகாலம், மூன்று வாரத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அருகில். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் பெர்த் போகும் வழியில் இருக்கும் நல்லார்பர் சமவெளியைக் கடக்கும் சாலை அன்று மண்சாலை. முழுக்கத் தார் போட்டு முடித்தது 1976இல். மண்சாலை ஆளை நிதானமாகப் போக வைக்கும். இன்றைய சாலை எதற்கும் நிறுத்தச் சொல்லாது. அந்தச் சமவெளியில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத பகுதி உண்டு. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் எங்கள் நார்தர்ன் டெரிட்டரிப் பகுதியில் மணிக்கு 130 கிலோமீட்டர் வரை போகலாம். அனல் காற்றுக்குள் மூன்று மணி நேரம் ஒரே நிலையில் உட்கார்ந்திருக்க இதைவிட வசதியான சாலை கிடையாது.

அதிகாலையில் கிளம்பினால் வெயிலிலிருந்து தப்பலாமே என்பார்கள். விடிவதற்கு முன்னாலும் பொழுது சாயும்போதும் சாலை கங்காருக்களுடையது. காரில் மோதினால் முன்பக்கம் நசுங்கும். பைக்கில் மோதினால் எங்களிடம்தான் வர வேண்டும். ஆகவே சூரியன் நன்றாக மேலே வந்தபின் கிளம்பி, உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டர் போதாதா? மே முதல் ஆகஸ்ட் வரை வந்தால் பகல் முழுக்க ஓட்டலாம், இரவில் மட்டும் குளிர் பூஜ்யம் வரை இறங்கும். எதிரே ரோட் டிரெய்ன் வந்தால் இடதுபக்கம் ஒதுங்கி, குனிந்து, கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள லாரி அது, கடந்துபோகும்போது காற்று ஒரு அறை விட்டுவிட்டுப் போகும்.

இன்னொருவர் சரளைச் சாலையில் விழுந்து தொடை எலும்பு முறிந்து கிடந்தார். செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி அவரிடம் இருந்தது. பி.எல்.பி. என்பார்கள். விசையை அழுத்தினால் இருக்கும் இடம் கான்பெராவில் உள்ள மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும். ஆனால் கருவி பைக்கின் பெட்டிக்குள். பைக் பதினைந்து மீட்டர் தள்ளி. அந்தப் பதினைந்து மீட்டரை எப்படித் தவழ்ந்தார் என்பதை அவர் சொல்லக் கேட்டபின், பி.எல்.பி.யை ஜாக்கெட்டின் நெஞ்சுப் பையில் வைக்காதவரோடு நான் பேசுவதே வாக்குவாதமாகத்தான் முடிகிறது. ஊரைத் தாண்டினால் மொபைல் சிக்னலை நம்ப முடியாது. 1928இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை இன்றும் விமானம் அனுப்புகிறது. நீங்கள் கிடக்கும் இடம் தெரிந்தால்தான் அது வரும். வண்டி நின்றுபோனால் நடக்க ஆரம்பிக்காதீர்கள். பைக் பக்கத்திலேயே நிழல் தேடி இருங்கள். தேடுபவர்களுக்கு முதலில் தெரிவது வண்டிதான்.

தனியாகப் போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரு சின்னச் சோதனை உண்டு. ஒவ்வொரு முறை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போதும், அடுத்து பெட்ரோல் கிடைக்கும் ஊரின் பெயர், தூரம், கையில் இருக்கும் தண்ணீர் மூன்றையும் வாய்விட்டுச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தடுமாறினால் அன்றைக்கு அங்கேயே படுக்கை. இதை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

பண்ணைக்காரர்கள் கொண்டுவந்தவர் மூன்றாம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார். பைக்கை லாரியில் அனுப்பிவிட்டு விமானத்தில் போகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. முதுகில் புதிதாக வாங்கிய தண்ணீர்ப் பை. வாசலில் நின்ற நர்ஸ், "அடுத்த ஊர்?" என்றார்.

"எர்ல்டுண்டா. இருநூறு கிலோமீட்டர். மூன்று லிட்டர்."

"டீ-ஷர்ட்?"

ஜாக்கெட் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார். நனைக்க மறந்திருந்தார். உள்ளே போய் நனைத்துக்கொண்டு வந்தார்.