தோப்பு: ஒரு போர்க்கடிதத்தில் வந்த தமிழ்ச்சொல்

நான்காம் மைசூர்ப் போரில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட வந்திருந்த ஆங்கிலேயப் பாசறையிலிருந்து, 1799 ஏப்ரல் 5 அன்று கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி தம் தலைமைத் தளபதியான ஜெனரல் ஹாரிசுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆன அவருக்கு அப்போது வயது 29. காவல்நிலையை எவ்விடத்தில் அமைக்கக் கருதுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியவில்லை, இன்று பிற்பகல் படை வரிசைக்கு முன்னால் வந்து நேரில் காட்டியருள வேண்டும் என்று கேட்டுக்கொண்டபின், நாலா என்னும் நீர்வழியின் கரையைக் கைப்பற்றிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் ‘டோப்’ தானாகவே நம் வசமாகிவிடும் எனத் தம் கருத்தையும் பணிவோடு சேர்த்திருந்தார். ஆயினும் முடிவு தங்களுடையது, நான் ஆயத்தமாக இருப்பேன் என்று முடித்திருந்தார்.

இக்கடிதத்தில் வரும் ‘டோப்’ நம்முடைய தோப்புதான். பெங்களூரில் இருந்துகொண்டு மைசூர்ப் போர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர், ஆங்கில மூலத்தைப் பார்த்து இதை டோப் என்றே எழுதிவிடுவதும், போர்க்களச் செய்தி என்பதால் பீரங்கி என்று பொருள்கொள்வதும் எளிதில் நேரக்கூடியவை. பீரங்கியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லான தோப் துருக்கியிலிருந்து வந்தது. பீரங்கிச்சாலையைக் குறிக்கும் தோப்கானா என்பது அதன் வழிப் பிறந்தது. சாஞ்சியில் உள்ள பௌத்தத் தூபியை ஆங்கிலேயர் டோப் என்று எழுதியது மூன்றாவது வழி. அது பாலி மொழியின் தூப என்பதன் திரிபு. மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒன்றுபோலவே இருப்பதால், இடம் அறிந்துதான் பொருள் கொள்ள வேண்டும்.

தொகுப்பு என்பதே தோப்பு என மருவியது என்பது சொல்லாராய்ச்சியாளர் சிலர் தரும் விளக்கம். பகுதி பாதியாகவும் மிகுதி மீதியாகவும் ஆனதை நோக்க, இவ்விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகவே படுகிறது. மரங்கள் தொகுப்பாக நிற்கும் இடம் தோப்பு. தென்னகத்தில் இச்சொல்லைக் கற்றுக்கொண்ட ஆங்கிலேயர் அதை வடக்கேயும் கொண்டுசென்று மாந்தோப்புகளுக்கு வழங்கினர் என்பதையும், வட இந்திய மக்களுக்கு அச்சொல் தெரியாது என்பதையும் 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி ஒன்று பதிவு செய்திருக்கிறது.

மொழிபெயர்க்கும்போது சோலை, பொழில், கா என்னும் அழகிய பழஞ்சொற்கள் மனத்தை இழுக்கும். ஆனால் சோலை என்றதும் தானாக அடர்ந்து நிழல் தரும் இடமே நினைவுக்கு வருகிறது. தோப்பு மனிதர் வைத்து வளர்த்தது: தென்னந்தோப்பு, மாந்தோப்பு, புளியந்தோப்பு என்று மரத்தின் பெயரோடு சேர்ந்தே அது பெரும்பாலும் வழங்கும், நீர் பாய்ச்சும் இடமாயின் உள்ளே வாய்க்கால்களும் வரப்புகளும் இருக்கும். இவ்வேறுபாடு அந்தக் கடிதத்துக்கு உயிர்நாடியானது. அன்றிரவு சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் தம் 33ஆம் படைப்பிரிவோடு நுழைந்த வெல்லெஸ்லி, குறுக்கும் நெடுக்கும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டிருந்த அந்த இருட்டில், எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கும் ராக்கெட்டுகளுக்கும் நடுவே வழி தெரியாமல் திணறினார். வேகம் குன்றிய குண்டொன்று அவர் முழங்காலில் பட்டது. படைவீரர் 12 பேர் சிறைப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். மறுநாள் பகலில் நடந்த தாக்குதலில் தோப்பு எளிதாகவே கைக்கு வந்தது. பகலில் ஒற்றறியாத, எதிரி வலுவாக நிலைகொண்ட இடத்தை இரவில் தாக்க இனி இயன்றவரை இடம்கொடேன் என்று அதே மாதம் தம் அண்ணன் மார்னிங்டனுக்கு எழுதினார். சோலை என்று எழுதினால் வாசகர் அந்த வாய்க்கால்களைக் காணமாட்டார்.

நாலா என்பது இந்துஸ்தானிச் சொல். இயற்கையாக ஓடுவதாயின் ஓடை என்றும், வெட்டியதாயின் வாய்க்கால் அல்லது கால்வாய் என்றும் எழுதலாம். கரை கட்டிய நீர்வழியைப் பற்றிய பேச்சாதலால் இங்கே கால்வாய் என்பதையே நான் கொள்வேன். நகரின் மழைநீர் வடிகால்களுக்கு வழங்கும் ராஜகால்வாய் என்னும் பெயர் பெங்களூர்த் தமிழருக்குப் பழக்கமானதே.

தோப்பும் இந்நகரத்தாருக்கு அயலானது அன்று. கன்னடத்தில் ஒற்றைப் பகரத்தோடு வழங்கும் இதே சொல், ஊர்ப் பொதுநிலமான குண்டுதோப்பு என்ற பெயரில் கர்நாடக வருவாய்த்துறை ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. திப்பு சுல்தான் பிறந்த தேவனஹள்ளிக்கு அருகில் உள்ள நல்லூர்ப் புளியந்தோப்பு, 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே வெல்லெஸ்லியின் வரியைத் தமிழில் இவ்வாறு எழுதலாம்: “கால்வாய்க் கரை தங்கள் வசமானால் தோப்பும் தங்களுடையதே, தோப்பு கரைக்குப் பின்னால்தான் இருக்கிறது.”