ஸ்க்ரம்: தள்ளுமுள்ளா, பிணைமுட்டா?

ஓசூரில் ‘ஸ்க்ரம்’ என்று சொன்னால் பெங்களூருக்கு கம்பெனி பஸ் ஏறும் கூட்டம்தான் முதலில் திரும்பிப் பார்க்கும். அவர்களுக்கு ஸ்க்ரம் என்றால் தினமும் கால் மணி நேரம் நின்றபடியே பேசி முடிக்கும் மீட்டிங். இந்தச் சொல் மென்பொருள் துறைக்குப் போனதே, முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடும் ஆட்டமான ரக்பியிலிருந்துதான். 1986இல் டக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள், புதுப்பொருள் உருவாக்கும் குழு ரக்பி அணி மாதிரி ஒன்றாக நகர வேண்டும் என்று எழுதினார்கள். 1995இல் மென்பொருள் வல்லுநர்களான ஷ்வேபரும் சதர்லாந்தும் அதை மென்பொருளுக்கான வேலைமுறையாக முன்வைத்தார்கள். அது அவர்கள் பாடு. நமக்கு வேண்டியது ரக்பித் திடலில் நடக்கும் ஸ்க்ரம்: அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது, நம் பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது.

பந்தை முன்பக்கமாகத் தவறவிட்டாலோ முன்னால் எறிந்தாலோ, ஆட்டத்தை மறுபடி தொடங்க நடுவர் ஸ்க்ரம் வைக்கச் சொல்வார். பதினைந்து பேர் ஆட்டத்தில் அணிக்கு எட்டுப் பேர் குனிந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எதிரணியின் எட்டுப் பேரோடு தோள் சேர்ப்பார்கள். இரு முன்வரிசைகளுக்கும் நடுவே விழும் சந்தில் பந்தை உருட்டிவிடுவார்கள். முன்வரிசையின் நடு ஆளான ஹூக்கர் அதைக் காலால் பின்னுக்கு இழுப்பார்.

சொல்லின் வேர் சண்டையில் இருக்கிறது. சிறு மோதலைக் குறிக்கும் ‘ஸ்கர்மிஷ்’ பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் காத்தல், தடுத்தல் என்ற பொருளுள்ள ஜெர்மானிய வேர் உண்டு. ஸ்கர்மிஷ் திரிந்து ‘ஸ்க்ரிமேஜ்’ ஆனது, அது ‘ஸ்க்ரமேஜ்’ ஆனது, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வால் அறுந்து ‘ஸ்க்ரம்’ என்று நின்றது. ஆட்டத்துக்குப் பெயர் தந்த இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1845இல் விதிகளை எழுதி வைத்த காலத்தில் அது உண்மையிலேயே சண்டைதான்: பெருங்கூட்டம் நிமிர்ந்து நின்று பந்தையும் காலையும் சேர்த்து உதைக்கும்.

அந்தக் காலத்து ஸ்க்ரமுக்குத் ‘தள்ளுமுள்ளு’ அச்சாகப் பொருந்தும். ரேஷன் கடை வாசலிலும் கட்சிக் கூட்டத்திலும் நடப்பதைப் பத்திரிகைகள் இந்தச் சொல்லால்தான் எழுதுகின்றன. இப்போதைய ஸ்க்ரமுக்கு அது சரிவராது. தள்ளுமுள்ளுவில் யார் யாரைப் பிடித்தார் என்ற கணக்கு கிடையாது. ஸ்க்ரமில் பிடி தவறினாலே பெனால்டி.

எனக்குச் சரியாகப் படுவது ‘முட்டு’. தமிழில் இதற்கு இரண்டு பொருள். மாடு முட்டும், கிடா முட்டும்; அது மோதுவது. சென்ட்ரிங் பலகைக்கு அடியில் சவுக்குக் கட்டையை நிறுத்தி முட்டுக் கொடுப்பதும் உண்டு, அது தாங்குவது. ஸ்க்ரமில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹூக்கருக்கு இருபுறமும் நிற்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘ப்ராப்’ என்று பெயர். அதற்கும் முட்டுக்கட்டை என்றே பொருள். ஆகவே அவர்கள் முட்டுக்காரர்கள். (முட்டு கொடுக்கும் ஆள்தானே என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள், பையன் வீட்டில் சண்டைக்கு வருவார்கள்.) மொத்த ஸ்க்ரமுக்குப் ‘பிணைமுட்டு’ என்பேன். முதலில் பிணைவது, பிறகு முட்டுவது. சொல்லில் உள்ள வரிசைதான் திடலிலும் வரிசை.

இந்த வரிசை பெயருக்காகச் செய்த அலங்காரம் இல்லை. முன்பெல்லாம் இரு அணிகளும் சற்றுத் தள்ளி நின்று பாய்ந்து மோதின. 2013 முதல் நடுவரின் கட்டளை மூன்று: ‘க்ரவுச், பைண்ட், செட்’. முட்டுக்காரர்கள் எதிராளியின் ஜெர்சியைப் பிடித்த பிறகுதான் மோதலே. கழுத்தைக் காப்பாற்ற வந்த மாற்றம் அது. தமிழில் இதைக் ‘குனி, பிடி, முட்டு’ என்று சொல்லிக் கொடுக்கலாம்; மூன்றும் வாயில் சட்டென்று வரும். ஆட்டத்தில் நடுவர் ஆங்கிலத்தில்தான் சொல்வார் என்பதால் அதையும் காதுக்குப் பழக்க வேண்டும்.

தருமபுரிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்த பையனுக்குப் ‘பிடி’ புதிதல்ல. கைகோத்துச் செயின் போடத் தெரிந்தவன். சிக்கல் ‘குனி’யில்தான். ரெய்டரின் தொடையை மறிக்கப் பாய்கிறவன் பழக்கத்தில் தலையைக் கீழே விடுவான். ஸ்க்ரமில் அது கூடவே கூடாது. தாடை நெஞ்சில் ஒட்டிய நிலையில் எட்டுப் பேரின் பாரம் இறங்கினால் கழுத்து தாங்காது. அதனால் பி.டி. சார் முதலில் செய்ய வேண்டியது, பையனைத் தனியாகக் குனிய வைத்து முதுகின் மேல் நீளவாக்கில் ஒரு மூங்கில் குச்சியை வைப்பது. முதுகு வளைந்தால் குச்சி உருண்டுவிடும். கால்கள் தோள் அகலம், பாரம் முன்பாதத்தில், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், பார்வை முன்னால். தோள் இடுப்பைவிடத் தாழக் கூடாது. இது விதியிலேயே இருக்கிறது.

அது பழகிய பிறகு ஒருவருக்கு ஒருவர், பிறகு மூவருக்கு மூவர், கடைசியில்தான் எட்டு. இடது முட்டுக்காரரின் இடது முழங்கையைக் கவனியுங்கள்: அது தரையைப் பார்த்தால் அந்தப் பக்கம் சரியப்போகிறது என்று அர்த்தம். தள்ளும்போது எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குட்டி அடியாக எடுத்து வைக்க வேண்டும். சரிந்தால் விசில் வந்த நொடியில் எல்லோரும் தள்ளுவதை நிறுத்தியாக வேண்டும். காய்ந்து இறுகிய செம்மண்ணில் ஷூ வழுக்கும், விழுந்தால் முட்டி தேயும். அங்கே குனிவதையும் பிடிப்பதையும் மட்டும் பழக்கிவிட்டு, தள்ளுவதைப் புல்தரைக்கு வைத்துக்கொள்வது நல்லது. 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவும் கூடாது.

நம் பிள்ளைகள் முதலில் ஆடப்போவது அநேகமாக ஏழு பேர் ஆட்டம். 2016 ஒலிம்பிக்கிலிருந்து இருப்பதும் அதுதான். அதில் பிணைமுட்டுக்கு அணிக்கு மூன்றே பேர்: இரண்டு முட்டுக்காரர், நடுவில் ஹூக்கர். ஹூக்கரைக் ‘கொக்கி’ என்று கூப்பிட்டால் பையன்களுக்கே பிடித்துவிடும். பதினைந்து பேர் ஆட்டத்துக்குப் போகும்போது, முன்வரிசைக்குப் பின்னால் நின்று தள்ளும் ‘லாக்’கைப் பூட்டு என்றால் சிரிப்பார்கள், ‘இரண்டாம் வரிசை’ போதும். எல்லோருக்கும் கடைசியில் நிற்கும் ‘நம்பர் எய்ட்’ என்பவரை எட்டாம் நம்பர் என்றே விட்டுவிடலாம்.