எறிவது கை, உந்துவது கால்

கிருஷ்ணகிரிப் பக்கம் மே மாதத்தில் மாமரத்துக்குக் கல் விடாத பையனைப் பார்ப்பது அரிது. அவனை மண்டிபோட வைத்து, அதே கல்லை எறியச் சொல்லுங்கள். நின்றுகொண்டு எறிந்த தூரத்துக்குப் போகாது. கை அதே கைதான். கணக்கிலிருந்து கழிந்தது காலும் இடுப்பும். ஜூனில் பள்ளி திறந்ததும் பேஸ்பால் பயிற்சிக்குப் போகிற பிள்ளை விடுமுறையில் வீட்டிலேயே எதைத் தயார் செய்யலாம் என்பதற்கு இந்தச் சோதனையிலேயே பாதி விடை இருக்கிறது.

பந்தெறியும்போது பின்கால் தரையை உந்துகிறது. முன்கால் ஊன்றி, பாய்ந்துவரும் உடம்பைச் சட்டென நிறுத்துகிறது. அந்த விசை மேலே ஏறி, முதலில் இடுப்பும் பிறகு மார்பும் திரும்ப, கடைசியில் சாட்டை நுனியைப் போலக் கை வீசப்படுகிறது. தேர்ந்த பிட்சருக்கு, அதாவது பேஸ்பாலில் பந்தெறிபவருக்கு, மேற்கை தோள்மூட்டில் சுழலும் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. அதே வேகம் நீடித்தால் ஒரு நொடியில் 19 சுற்று வந்துவிடும். பந்து விரலை விட்டுப் போன பிறகு இந்த வேகத்தை யாராவது பிடித்து நிறுத்த வேண்டுமே! தோளின் பின்புறத்துச் சிறு தசைகளுக்குத்தான் அந்த பிரேக் வேலை. தினமும் தண்டால் மட்டும் எடுக்கிற பையனுக்கு நெஞ்சு விரியும், பிரேக் வலுவாகாது.

முதலில் கால். திண்ணை விளிம்பில் உட்கார்ந்து, ஒரு காலை முன்னால் நீட்டிக்கொண்டு, மறுகாலால் மட்டும் எழ வேண்டும். மூன்று நொடி எடுத்து மெதுவாக உட்கார வேண்டும். காலுக்கு 8 முறை, மூன்று சுற்று. தாழ்ந்த திண்ணையில் முடியாவிட்டால் நாற்காலியில் தொடங்கலாம். முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை பலமில்லை என்று பொருள்; எண்ணிக்கையைக் குறைத்து, முழங்கால் பாதத்துக்கு நேராக நிற்கும்படி செய்ய வேண்டும். நடு உடம்புக்கு, ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடம்பைப் பலகைபோல 20 நொடி நிறுத்துவது போதும். இரு பக்கமும் செய்ய வேண்டும்.

பிரேக்குக்குப் பஞ்சர் கடையில் ஒதுக்கிப் போட்ட சைக்கிள் டியூப் ஒன்று வேண்டும். வால்வுப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் இரண்டு பட்டைகள். முழு டியூப் சிறு பிள்ளைக்கு ரொம்ப விறைப்பு. இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் வேண்டாம், அறுந்து முகத்தில் அடிக்கும். ஜன்னல் கம்பியில் முழங்கை உயரத்துக்குக் கட்டி, எறியும் கை ஜன்னலை விட்டு விலகிய பக்கம் இருக்கும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் சுருட்டிய துண்டைச் செருக வேண்டும். முன்கையை வெளிப்பக்கம் திருப்ப ஒரு நொடி, திரும்ப விட மூன்று நொடி. 15 முறை, இரண்டு சுற்று. திரும்ப விடும் அந்த மூன்று நொடிதான் உண்மையான பயிற்சி: தசை நீண்டுகொண்டே தாங்குகிறது, பந்து போன பிறகு தோள் செய்யும் வேலையும் அதுவே. துண்டு கீழே விழுந்தால் தோளின் பெரிய தசை வேலையைப் பிடுங்கிக்கொண்டது என்று அர்த்தம்; பட்டையைத் தளர்த்திக் கட்டுங்கள்.

முதல் இரண்டு வாரம் பந்தைத் தொடவே வேண்டாம். மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 10 மீட்டர் தூரத்துக்கு அரை வேகத்தில் 25 எறி. நான்காம் வாரம் அதே தூரம், 35 எறி. ஐந்தாம் வாரம் 15 மீட்டர், அதே 35. ஆறாம் வாரம் அதே 15 மீட்டரில் 45. தூரம், எண்ணிக்கை இரண்டையும் ஒரே வாரத்தில் ஏற்றக் கூடாது. பிடிக்க ஆளில்லாவிட்டால் துணிக் கொடியில் பழைய ஜமுக்காளத்தைத் தொங்கவிடலாம். அடிப்பக்கத்தை இழுத்துக் கட்டினால் பந்து எகிறித் திரும்பும். தளர விட்டால் அங்கேயே விழும். பேஸ்பால் 142 முதல் 149 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. இலேசான பந்துதானே என்று விட்டுவிட முடியாது, கை இன்னும் வேகமாகச் சுழலும். மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடி எறிந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். மாங்காய்க்கு விட்ட கல்லும் சேரும்; சூடேறாத கையால் முழு பலத்தில் எறிவது அதுதான், எல்லாவற்றிலும் மோசம்.

வெயில் ஏறுமுன் காலை எட்டுக்குள் முடித்துவிடலாம். பிறகு உப்புப் போட்ட மோர். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தருமபுரி வீட்டுப் பிள்ளைக்குக் களி இருக்கும்போது டப்பா மாவு எதற்கு?

கவனம் வைக்க வேண்டிய இடம் முழங்கையின் உட்புறம். கிரிக்கெட் பந்துவீச்சில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. பேஸ்பாலில் கை பின்னால் போகும்போது முழங்கை ஏறத்தாழ 90 டிகிரி மடங்கியிருக்கும். முன்னால் வீசும் கணத்தில் அதன் உட்புறம் பிளப்பதுபோல இழுபடும். பெரியவர்களுக்கு அந்த இழுப்பில் தசைநார் கிழியும். வளரும் பிள்ளைக்கு எலும்பு நுனியில் இன்னும் இறுகாத குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. தசைநாரைவிட அதுவே பலவீனம் என்பதால் முதலில் அதுதான் விலகும். அமெரிக்காவில் 11, 12 வயதினருக்கு நாளொன்றுக்கு 85 பிட்ச் (பிட்சர் எறியும் எறி), 13, 14 வயதினருக்கு 95 என்று உச்சவரம்பு வைத்திருப்பதும், 66 பிட்சோ அதற்கு மேலோ எறிந்த, 14 வயது வரையுள்ள பிள்ளைக்கு நான்கு நாள் ஓய்வு சொல்வதும் இதனால்தான்.

பந்தை எடுக்குமுன் தினமும் முழங்கையின் உட்புற எலும்பு முண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். வலித்தால் அன்று எறி கிடையாது, கால் பயிற்சி மட்டும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லையென்றாலோ, கையை முழுதாக நீட்ட முடியவில்லையென்றாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.