ரிடண்டன்சி: மிகையா, இணையா?

பெங்களூரு அல்சூரில் ஒலியமைப்புத் தொழில் செய்யும் தமிழர் ஒருவர், தமிழ் விழா ஒன்றுக்கான கொட்டேஷனைத் தமிழிலேயே எழுத முனைந்து, 'ரிடண்டன்ட் நெட்வொர்க்' (ஒரு தடம் அறுந்தாலும் ஒலி நிற்காதபடி இரட்டையாக அமைத்த வலையமைப்பு) என்ற இடத்தில் நின்றுபோய் என்னிடம் சொல் கேட்டார். கணினிச் சொற்பட்டியல்களில் பெரும்பாலும் காணப்படும் 'மிகைமை'யைச் சொன்னேன். "மிகைன்னு எழுதினா, மிகைதானே, வெட்டிடுங்கன்னு சொல்லிடுவாங்க சார்" என்றார். அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு.

இச்சொல்லின் மூலம் இலத்தீனின் 'ரெடுண்டாரே'; கரை மீறி வழிதல் என்பது பொருள். அதனுள் இருக்கும் 'உண்டா' அலையைக் குறிக்கும். அலையாய்ப் பரவும் ஒலியைக் காக்கும் ஏற்பாட்டுக்கு இப்படியொரு பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆங்கிலத்தில் அது 'வேண்டாத மிச்சம்' என்று நிலைத்து, பிரிட்டானிய வழக்கில் ஆட்குறைப்புக்கும் பெயராயிற்று. பெங்களூரு மென்பொருள் ஊழியர் பலருக்கு இச்சொல் காதில் விழுந்தால் முதலில் தம் வேலைதான் நினைவுக்கு வரும். பொறியியலோ இதை நற்பொருளில் எடுத்துக்கொண்டது. 1948-இல், தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன், ஆங்கில எழுத்துமொழியில் ஏறத்தாழப் பாதி மிகை என்று கணக்கிட்டார். எழுத்துகள் சில விடுபட்டாலும் வாசகம் புரிவது அந்த மிகையால்தான்.

தமிழில் 'மிகை' அப்படித் திரும்பவில்லை. பிறப்பறுக்க முயல்வோருக்கு 'உடம்பும் மிகை' என்கிறது குறள். நன்னூல் நூற்குற்றம் பத்தில் ஒன்றாக 'மிகைபடக் கூறலை' வைக்கிறது. இத்தனை சுமையுள்ள சொல்லை ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டின் தலையில் ஏற்றுவது பொருந்தாது.

அந்த ஏற்பாடு இதுதான். மேடையிலுள்ள ஸ்டேஜ் பாக்ஸ், மைக்கின் ஒலியைப் பொதுவாக விநாடிக்கு 48,000 மாதிரிகளாக்கி, சிறு பொட்டலங்களாகக் கட்டி, ஈதர்நெட் கேபிள் வழியே கன்சோலுக்கு, அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசைக்கு, அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கிய டான்டே முறையில், ரிடண்டன்சி வசதியுள்ள கருவிக்கு பிரைமரி, செகண்டரி என இரண்டு போர்ட்டுகள் இருக்கும். ஒரே ஒலி, தனித்தனி சுவிட்சுகள் (கேபிள்களை இணைத்துப் பொட்டலங்களை உரிய கருவிக்கு அனுப்பும் பெட்டிகள்) வழியாக, இரண்டிலும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கேபிள் அறுந்தாலும் மறுதடத்தின் பொட்டலங்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருப்பதால், கேட்பவருக்கு இடைவெளி தெரியாது.

இதை 'பேக்கப்' என்பது பிழை. பேக்கப் என்பது லாரியின் ஸ்டெப்னி: பஞ்சரானபின் வண்டியை நிறுத்தி, ஜாக்கி வைத்து, மாட்ட வேண்டும். ரிடண்டன்சி என்பது அதே லாரியின் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாகச் சேர்ந்தே உருளும் சக்கரம். ஒரு வழியை மட்டும் திறந்து, மறுவழியை மூடிவைக்கும் பழைய ஸ்பேனிங் ட்ரீ முறையை நம்பும் வலையமைப்பு, ஒரு வழி அறுந்தால் மறுவழியைத் திறக்க 30 முதல் 50 விநாடி எடுத்துக்கொள்ளக்கூடும். ஆலாபனை நடுவே அத்தனை நேரம் ஸ்பீக்கர் ஊமையானால் எந்தச் சபை பொறுக்கும்?

இரண்டு போர்ட் இருப்பதாலேயே ரிடண்டன்சி வந்துவிடாது. கருவியை 'சுவிட்ச்டு' என்ற அமைப்பில் வைத்தால் அவ்விரண்டும் ஒரே வலையமைப்பின் வாய்களே; அந்நிலையில் இரண்டையும் ஒரே சுவிட்சில் செருகினால் பொட்டலங்கள் ஓயாமல் சுழலும் சுற்று உண்டாகி, வலையமைப்பே முடங்கக்கூடும். இரு கேபிள்களையும் ஒரே கட்டாகக் கட்டி இழுப்பதும், இரு சுவிட்சுகளுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் எடுப்பதும் பெயரளவுக்கே இரட்டை.

ஆகவே தமிழ்ச்சொல்லில் 'ஒருங்கே இயங்குதல்' தெரிய வேண்டும். 'மாற்றுவழி' பேக்கப்புக்குத்தான் பொருந்தும். 'இருவழி' போக்குவரத்தை நினைவூட்டும். 'இணைவழி' அருமையான சொல், ஆனால் ஓர் எழுத்து கூடினால் 'இணையவழி' ஆகிவிடும். அச்சில் அப்பிழை நேராமல் இராது. 'இணை' என்பது சோடியையும் சமத்தையும் ஒருசேரக் குறிப்பதால், 'இணைத்தடக் காப்பு' என்பதே என் தேர்வு. இரட்டை பவர் சப்ளையை அவ்வாறே 'இணை மின்வழங்கி' எனலாம். தரவுத்தளத்தில் ஒரே தகவல் தேவையின்றி இரு இடத்தில் கிடப்பதற்கு 'மிகைமை' இருக்கட்டும். அங்கே அது உண்மையிலேயே குற்றம்.

அல்சூர் நண்பர் கடைசியில் எழுதிய வரி: "இணைத்தடக் காப்புள்ள ஒலி வலையமைப்பு, தடத்துக்கொரு சுவிட்ச், தனித்தனி மின்சாரம், கேபிள்கள் மேடையின் இரு பக்கமாக."