கண்டுகொள்ளுதல்: 'அங்கீகாரம்' போதாத இடம்

தத்துவத்தைத் தமிழாக்கும்போது 'ரெகக்னிஷன்' (recognition) என்று வந்தால் கை தன்னால் 'அங்கீகாரம்' என்று எழுதிவிடுகிறது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே 'அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி' போர்டுதான் கண்ணுக்கு வருகிறது. வடமொழி வேரில் அது 'தன் அங்கமாக்கிக்கொள்வது'. அழகான வேர்தான், ஆனால் இன்றைய புழக்கத்தில் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு முத்திரை குத்தித் தருவது.

தத்துவத்தில் மூலச்சொல் ஜெர்மன்: அனெர்கென்னுங். 'எர்கென்னென்' என்றால் இன்னதென்று அறிவது, முன்னால் 'அன்' சேர்ந்தால் அறிந்ததை ஏற்று மதிப்பது. ஆங்கிலச் சொல்லில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன, குழப்பமே அங்கேதான். ஜெர்மன் தத்துவவாதி ஃபிக்டே 1796இல் எடுத்தாண்டதை இன்னொரு ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் 1807இல் விரித்தார்: நானும் ஒரு ஆள் என்பது எனக்கே உறுதிப்பட வேண்டுமானால், நான் ஆளாக மதிக்கிற இன்னொருவர் என்னை அப்படி மதிக்க வேண்டும். அடிமை போடுகிற கும்பிடு ஆண்டானுக்கு நிறைவு தராது, அவன்தான் அடிமையை ஆளாகவே எண்ணவில்லையே.

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தேன். ஒரு அக்கா மூட்டையை இறக்கினார். கணக்குப்பிள்ளை சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து "இருபத்தாறு" என்று எழுதினார், தலை நிமிரவில்லை. அக்காவின் செக்ரோல் (ஆள் பதிவேடு) நம்பர் அவருக்கு மனப்பாடம், ஆள் தெரியாமல் இல்லை. திரும்பும்போது அக்கா சொன்னார்: "பத்து வருசமா நிக்கிறேன், மனுசன் கண்டுக்கவே மாட்டேங்கிறாரு."

அதுதான் சொல்: கண்டுகொள்ளுதல். 'காண்' பார்வை, 'கொள்' அதைத் தனக்குள் எடுத்துக்கொள்வது. முத்திரையைத் தூரத்திலிருந்தே குத்தலாம், கண்டுகொள்ள நிமிர்ந்து பார்த்தாக வேண்டும்.

'அங்கீகாரம்' வேண்டாம் என்று சொல்லவில்லை. 1992இல் ஜெர்மன் தத்துவவாதி ஆக்ஸல் ஹோனெத் அனெர்கென்னுங்கை அன்பு, உரிமை, சமூக மதிப்பு என்று மூன்றாகப் பிரித்தார், அதில் உரிமைக்கு அந்தச் சொல் சரியாகப் பொருந்தும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே டேன்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறியவர்களுக்குக் குடியுரிமைத் தாள் கிடைத்தது, அது அங்கீகாரம். தாள் கையில் இருந்தும் 'சிலோன்காரங்க' என்ற பேச்சைக் கேட்டு வாழ்ந்தவர்களுக்குக் கிடைக்காமல் போனது கண்டுகொள்ளுதல்.

ஒரு சிக்கல் உண்டு. ஆபீஸ்களில் "கொஞ்சம் கண்டுக்குங்க" என்றால் கையை நீட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதனால் கட்டுரையில் முதல் இடத்தில் 'ஒருவரையொருவர் கண்டுகொள்ளுதல்' என்று முழுசாகப் போட்டுவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளுங்கள்.