கண்புரை லென்ஸ்: விலைப்பட்டியலைப் பார்க்கும் முன்

கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களின் பட்டியலை நீட்டியதும் பலர் விலை அதிகமுள்ள வரியில்தான் கண்ணை வைக்கிறார்கள். "இருக்கறதுலயே நல்லதா வச்சிடுங்க டாக்டர்" என்பார்கள். எல்லாருக்கும் நல்லது என்று ஒரு லென்ஸ் கிடையாது. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். எதை இழந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்பதுதான் என் கேள்வி.

இளவயதில் நம் சொந்த லென்ஸ் வடிவம் மாறி, தூரத்தையும் கிட்டத்தையும் மாற்றி மாற்றிக் காட்டும். நாற்பதைத் தாண்டினால் அந்த நெகிழ்வு குறைகிறது. புரையை எடுத்துவிட்டு வைக்கும் செயற்கை லென்ஸ் அப்படி வளைந்து கொடுப்பதில்லை. எனவே மோனோஃபோகல் லென்ஸ் ஒரு தூரத்துக்கு மட்டுமே கூர்மை தரும். பொதுவாகத் தூரப்பார்வைக்கு வைப்போம். படிக்கக் கண்ணாடி போட வேண்டும். அந்த ஒரு தூரத்தில் கிடைக்கும் தெளிவுக்கும், இரவு வெளிச்சத்தில் அது நடந்துகொள்ளும் விதத்துக்கும் ஈடு சொல்வது கடினம்.

ஒரு வகையினரிடம் மட்டும் நான் கூடுதலாகப் பேசுவேன். சிறுவயது முதல் மைனஸ் பவர் உள்ளவர்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்துப் பழகியவர்கள். தூரத்துக்கு லென்ஸ் வைத்தால் அந்த வசதி போய்விடும். அறுவை அருமையாக முடிந்திருக்கும், அவர்களோ "படிக்க முடியலையே" என்று வருத்தத்தோடு வருவார்கள். வேண்டுமானால் பவரைக் கிட்டப்பார்வைக்கே வைத்து, தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இதற்குக் கூடுதல் செலவில்லை, முன்கூட்டியே சொன்னால் போதும்.

டிரைஃபோகல் லென்ஸில் நுண்ணிய வளையங்கள் உண்டு. உள்ளே வரும் ஒளியைத் தூரம், கணினித் தூரம், கிட்டம் என்று அவை பங்கு போடுகின்றன. கண்ணாடியைப் பெருமளவு மறக்கலாம். ஆனால் பங்கு போட்டது பங்குதான்: மங்கிய வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும், இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தெரியும். சில மாதங்களில் பெரும்பாலோருக்குப் பழகிவிடும். பழகாத சிலருக்கு லென்ஸையே மாற்ற வேண்டிவருகிறது. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை. விழித்திரை நடுப்பகுதியில் நோய், முற்றிய கண் நீர் அழுத்த நோய் இருந்தால் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். ஈடிஓஎஃப் (EDOF, தெளிவாகத் தெரியும் தூர வரம்பை நீட்டிக்கும் லென்ஸ்) வகை மோனோஃபோகலுக்கும் டிரைஃபோகலுக்கும் நடுவே நிற்கிறது: தூரமும் கணினியும் நன்றாக இருக்கும், பொடி எழுத்துக்குப் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படும்.

சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததால் வருவது) கணிசமாக இருந்தால், அதையும் திருத்தும் டோரிக் லென்ஸ், என் பார்வையில், கொடுத்த காசுக்கு நியாயமான பலன் தரும். அது சரியான கோணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு டிகிரி திரும்பினால் திருத்தத்தில் சுமார் 3 சதவீதம் போகும். 30 டிகிரி திரும்பினால் பலனே இல்லை.

மடிக்கும் லென்ஸா, மடியாததா என்றும் கேட்கிறார்கள். மடித்து வைப்பது 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியே நுழைந்துவிடும். மடியாத பிஎம்எம்ஏ (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) லென்ஸுக்கு 5, 6 மில்லிமீட்டர் வேண்டும். 1949-ல் லண்டனில் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி முதன்முதலாக வைத்தது பிஎம்எம்ஏதான். பழசு என்பதால் பார்வை மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

இத்தனையையும் கெடுக்கக்கூடியது, கண்ணை அளவெடுப்பதில் வரும் தவறு. கண்ணின் நீளத்தை 1 மில்லிமீட்டர் தவறாக எடுத்தால் பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை பிசகும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அளவெடுக்கும் முன் அதை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். முன்பு லேசிக் (கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசர் சிகிச்சை) செய்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அப்படிச் செய்தவர்களுக்குக் கணக்கே வேறு.

இரண்டு கண்ணிலும் புரை இருந்தால் இரண்டுக்கும் லென்ஸை ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை. முதல் கண் ஆறிய பிறகு இரவில் வெளியே போய்ப் பாருங்கள், வழக்கமாகப் படிப்பதைப் படித்துப் பாருங்கள். எது இடித்தது என்று சொன்னால், அடுத்த கண்ணின் பவரையோ வகையையோ அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.